உப்புக் காற்றில் பழைய ஜீப்: என்ன கோளாறு, எங்கே கை வைப்பது

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். வாசலில் நிற்பது பியூஜோ டீசல் இன்ஜின் போட்ட மகேந்திரா எம்எம் 540. அதற்கு முன்னால் அப்பா ஒரு சிஜே 3பி, அதாவது பழைய வில்லிஸ் வகை ஜீப், வைத்திருந்தார். அந்த இரண்டு வண்டிகளுக்கு அடியிலும் படுத்து எழுந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பழைய ஜீப்பை வாங்கிவிட்டு, முதல் மழைக்காலத்திலேயே ‘விற்றுவிடலாமா’ என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். அவசரப்பட்டு விற்காதீர்கள். இங்கே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் சின்னச் சாமான் கோளாறுகள்.

வடசென்னையில் மலை கிடையாது, பாறை கிடையாது. ஜீப்பை இங்கே கெடுப்பவை மூன்றுதான்: கடல் காற்றில் வரும் உப்பு, சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீர், கன்டெய்னர் லாரி ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை. வண்டி மக்கர் செய்தால் கியர்பாக்ஸ், இன்ஜின் என்று பெரிய இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒயர், புஷ் (ஆடும் இணைப்புகளில் தேய்மானத்தைத் தாங்கும் சின்ன உருளை), ஆயிலின் நிறம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1940இல் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களைக் கூப்பிட்டு, 49 நாளில் ஒரு மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டது. பேன்டம் என்ற சின்ன நிறுவனம் அதைச் செய்து காட்டியது. வில்லிஸும் ஃபோர்டும் அதை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. போர்முனையில் ஒரு சிப்பாய் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த வண்டி அது. கடலோரத்தில் நாற்பது வருடம் நிற்கப்போகிறது என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மகேந்திரா நம் நாட்டில் அந்த வில்லிஸ் வண்டியைத்தான் கோக்க ஆரம்பித்தது. இன்ஜின் மாறியது, கிரில் மாறியது. அடியில் இருக்கும் அமைப்பு வெகுகாலம் மாறவில்லை. கழற்றுவது சுலபம், துருப்பிடிப்பதும் சுலபம்.

சாவி திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம்; செல்ஃப் சுற்றவில்லை

இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன், அதனால் இதையே முதலில் சொல்கிறேன். ஒரு நாள் காலை வண்டி ‘டக்’ என்றது, அவ்வளவுதான். கொண்டுபோன ஒர்க் ஷாப்பில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பத்து நாளில் மறுபடி ‘டக்’. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றார்கள், அதையும் மாற்றினேன். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது தடவை வியாசர்பாடியில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேட்டரி பக்கமே திரும்பவில்லை. இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். செம்புப் பட்டை முழுக்கப் பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. “அண்ணே, கடல்கிட்ட இருக்கிற வண்டிக்கு முதல்ல எர்த்தப் பாக்கணும்ணே. உப்பு தின்னுட்டுப் போயிருக்கு பாருங்க” என்றார். பட்டையின் விலை எனக்கு 80 ரூபாய். அதற்கு முன்னால் மாற்றிய இரண்டுக்கும் ஆன செலவை இங்கே எழுத மனம் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் சுத்தமாக மங்கிப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. லைட் பளிச்சென்று அப்படியே இருந்து செல்ஃப் மட்டும் சுற்றாவிட்டால் எர்த், சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்), செல்ஃப் என்ற வரிசையில் பாருங்கள். கையில் ஜம்பர் கேபிள் இருந்தால் அதன் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். உடனே சுற்றினால் எர்த்தான். வேறு எதையும் வாங்காதீர்கள்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இரவு முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில், செல்ஃப் சுற்றும்போது, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது.

டெர்மினலில் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளப்பாகத் தெரிந்தபின் மாட்டுங்கள். காசிமேடு, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் என்றால் இதை வருடம் இரண்டு தடவை செய்யுங்கள். நான் பொங்கலுக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை செய்கிறேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

டீசல் வண்டிகளுக்கு மட்டும் இது. மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம், அது பெட்ரோல்.

முதலில் எந்த இன்ஜின் என்று பாருங்கள். பியூஜோ எக்ஸ்டிபி வகை 2112 சிசி, டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் எரிய ஆரம்பிக்கும். அதனால் ஹீட்டர் பிளக் வேண்டும். பிற்பாடு வந்த டிஐ இன்ஜின்களில் டீசல் நேராகவே பாய்கிறது, நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். பியூஜோ வண்டி மார்கழிக் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, மதியம் ஒரே சுற்றில் பிடித்தால் ஹீட்டர் பிளக்குகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். நான்கில் ஒன்று போயிருந்தாலும் இன்ஜின் ஒரு நிமிடம் குலுங்கிக் குலுங்கித்தான் ஓடும்.

காலை, மதியம் என்று இல்லாமல் எப்போதும் பிடிக்க நேரமாகிறது, ஒருதடவை ஓடி நிறுத்தினால் உடனே பிடிக்கிறது, இரவு நிறுத்தினால் மறுபடி தகராறு என்றால் டீசல் லைனில் காற்று பிடிக்கிறது. டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரை பம்ப் இழுக்கிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. ரப்பர் டியூப் வெயிலில் விறைத்து முனையில் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் டீசல் பைப்பை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் தேய்ந்திருக்கும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும்.

ஏர் எடுக்கும் வேலையை நீங்களே செய்யலாம். ஃபில்டர் மேல் இருக்கும் பிளீடிங் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கைப் பம்ப்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். அழுத்தியபடியே ஸ்குரூவை இறுக்குங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துளி வந்ததும் இறுக்க வேண்டும். அந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம், விரலை வைக்காதீர்கள். செல்ஃபைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

டீசலில் தண்ணீர் கலப்பது மழைக்காலத்துச் சமாச்சாரம். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

புகை

கறுப்புப் புகை காற்றுக் குறைவால் வரும், ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். மணலி, கொடுங்கையூர் பக்கத்துப் புழுதிக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, அதில் பாதியிலேயே ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதால். ரிங் அல்லது வால்வு சீல். காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. மெக்கானிக்கிடம் ‘சூடாகுது’ என்று மட்டும் சொன்னால் அவர் ரேடியேட்டரைக் கழற்றிவிடுவார்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில் மாட்டி, நின்ற இடத்தில் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் தூசி அடைந்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசியும் உப்பும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவில் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜின் பக்கத்திலிருந்து கிரில் பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் கடையில் கொடுத்தால் உப்பில் மெலிந்துபோன தகடுகள் மடிந்துவிடும், எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது.

மாதவரம் வழியாகப் பெரிய சாலையில் வேகமெடுத்தால் ஏறுகிறது, மெதுவாகப் போனால் ஏறவில்லை என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப்பின் இறக்கைகளில் அரிப்பு, அல்லது கீழ் ஹோஸ் மெலிந்து வேகத்தில் ஒட்டிக்கொள்வது. இன்ஜினை ரேஸ் செய்துகொண்டே கீழ் ஹோஸைப் பாருங்கள், சப்பிப்போனால் அதுதான்.

குளிர்ந்த இன்ஜினை எடுத்த இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரியாதவர் இல்லை. அப்படியும் வருடத்துக்கு ஒருவர் எங்கள் தெருவிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார். ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஆறட்டும்.

இங்கே இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும். முதலாவது, போர் தண்ணீரை ஊற்றுவது. மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருக்கிறது. நம் வீட்டு போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடி என்ன ஆகிறதோ அதுவேதான் ரேடியேட்டர் உள்ளேயும் ஆகும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலந்து ஊற்றுங்கள். இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. ‘நம்ம ஊர் சூட்டுக்கு இது வேணாம்’ என்று சொல்லிக் கழற்றிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் குடிக்கும், சிலிண்டர் தேயும். சந்தேகம் என்றால் கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் அது திறக்க வேண்டும். திறந்தால் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

குழியில் இறங்கி ஏறினதும் ஸ்டீயரிங் உதறுகிறது

பழைய ஜீப் வைத்திருப்பவர்களைப் பயமுறுத்துவது இதுதான். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழி. அவ்வளவுதான், முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளும். எனக்கு முதல் தடவை எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்தது, பக்கத்தில் டிரெய்லர் லாரி. அப்படி வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை முறுக்காமல் நேராகப் பிடித்து, வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். முப்பதுக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும்.

இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கும் சாலிட் ஆக்ஸில் வண்டிகளுக்குத்தான் இந்த வியாதி. வில்லிஸ் வழி வந்த ஜீப்கள், 1985இல் வந்த ஜிப்ஸி எல்லாம் அந்த வகை. 2010இல் வந்த தாரிலிருந்து முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகின்றன, அதில் உதறல் வந்தால் காரணம் வேறு.

உடனே ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டச் சொல்வார்கள். டேம்பர் உதறலை மறைக்கும், காரணத்தை நீக்காது. தேய்ந்த பாகம் தேய்ந்துகொண்டே போய், ஒருநாள் டேம்பரையும் மீறி அடிக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு வேண்டுமானால் மாட்டுங்கள். நான் சோதிக்கும் வரிசை இது.

டயர்தான் முதல். இரண்டு முன் டயர்களிலும் ஒரே காற்று இருக்கிறதா, பேலன்ஸ் சரியா, பழைய ரீட்ரெட் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டதும் உதறல் குறைந்தால் டயர்தான்.

அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக ஒரு சாண் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துக்கொண்டே வாருங்கள். டை ராட் எண்டு (இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) தேய்ந்திருந்தால் தண்டு அசைந்த பிறகுதான் சக்கரம் அசையும். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கலாம். சேசிஸ் தகடே அங்கே கீறல் விட்டிருக்கலாம். துரு ஏறிய வண்டிகளில் இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பிறகு ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு). எது என்று தெரிய ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் மறுபடி டை ராட் பக்கம் போங்கள்.

கிங் பின்தான் பெரும்பாலும் மூலகாரணம். அப்பாவின் சிஜேயில் ஆக்ஸில் முனை, கிண்ணத்துக்குள் உருண்டை உட்கார்ந்த மாதிரி மூடியிருக்கும். கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. பேரிங் தேயத் தேய ஒரு ஷிம்மை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு சக்கரத்தைத் திருப்பினால் சற்றுக் கனமாக இருக்க வேண்டும். வழவழவென்று சுற்றினால் இறுக்கம் போதவில்லை. அந்தக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஃபெல்ட் சீல் கிழிந்தால் குளத்து நீரும் மண்ணும் உள்ளே போகும், பேரிங் அரைபடும். உதறல் வரும்போது கிங் பின்னை மட்டும் மாற்றி ஃபெல்ட் சீலை விட்டுவிட்டால் ஒரே வருடத்தில் மறுபடி அதே வேலை.

கடைசியாகப் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங். பட்டையைச் சேசிஸோடு சேர்க்கும் ஷேக்கிள்கள் வில்லிஸ் காலத்தில் திருகு மரையில் ஆடும், கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும். பிறகு வந்தவற்றில் ரப்பர் புஷ். எதுவாக இருந்தாலும் அது தேய்ந்தால் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகரும். பட்டை தொய்ந்துபோனால் கேஸ்டர் கோணமும் (கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) கெடும். வில்லிஸ் வகைக்கு அது 3 டிகிரி. வண்டியை உயர்த்திக் காட்டுவதற்காக நீண்ட ஷேக்கிள் மாட்டினால் இந்தக் கோணம்தான் முதலில் போகிறது, உதறலை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

பட்டை வேலைக்கு ஜீப் கடை தேடி அலைய வேண்டாம் என்பது நம் பகுதிக்குக் கிடைத்த நன்மை. எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை, துறைமுகத்துக்கு ஓடும் லாரிகள், இதையெல்லாம் நம்பி இருக்கும் பட்டைக் கடைகளும் லேத்துகளும் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. லாரிப் பட்டையை அடித்து வளைக்கிறவருக்கு ஜீப் பட்டை சின்ன வேலை. புஷ் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலி அதிகமாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னது இதற்குத்தான் பொருந்தும். அதனால் ஒரு பக்கம் கழற்றினால் அந்தப் பக்கத்துப் புஷ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

ஃபோர் வீல் லீவர் வரவில்லை. வந்தாலும் முன் சக்கரம் இழுக்கவில்லை

இரண்டும் வேறு வேறு கோளாறு. லீவர் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால், தார் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பழைய ஜீப்பில் நடுவில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லை, அந்த வித்தியாசம் எங்கேயும் போக வழியில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறிக்கொள்கிறது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி முறுக்கை விடுவித்துக்கொள்ளும், தாரில் விடாது. லீவரைக் குத்தாதீர்கள். நேராக நாலைந்து அடி பின்னால் எடுங்கள். வராவிட்டால் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், ‘டங்’ என்று முறுக்கு விட்டதும் லீவர் தானாக வரும்.

லீவர் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால், ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள பூட்டு) மாட்டிய வண்டியில் முதலில் அந்த ஹப்பைத் திருப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். திருப்பியும் பிடிக்காவிட்டால் உள்ளே கிரீஸ் காய்ந்து உப்பில் இறுகியிருக்கும். கழற்றி, டீசலில் கழுவி, மெல்லிய கிரீஸ் போட்டு மாட்டினால் தொண்ணூறு விழுக்காடு சரியாகிவிடும்.

மாதம் ஒரு தடவை ஃபோர் வீலைப் போட்டு அரை கிலோமீட்டராவது ஓட்டுங்கள், மண் சாலையில். பழவேற்காடு போகும் வழியில் அதற்கு இடம் இருக்கிறது. கடற்கரை மணலில் மட்டும் இறங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. மணலுக்கு அடியில் இருக்கும் முட்டை சக்கரத்துக்குத் தெரியாது. வண்டிக்கும் உப்பு மணல் ஆகாது.

தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு

கணேசபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த இரண்டின் பெயரும் செய்தியில் வராத வருடம் எனக்கு நினைவில்லை. ஜீப்தானே என்று இறங்காதீர்கள். அங்கே ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறங்கள். ஈரம் இருந்தால் நாசில்களையோ ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிய பிறகு, கையால் இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இன்ஜின் நிற்காமல் கடந்து வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. ஓடிச் சூடான ஆக்ஸில் ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்குகிறது. ஆயில் சீல் ஓரத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் முன், பின் ஹவுசிங், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஆகிய நான்கின் பிளக்கையும் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அப்படியே விட்டால் கிரவுன் பினியனும் பேரிங்கும் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். மூன்று மாதம் கழித்து ஊளைச் சத்தம் வரும்போது ஆயில் மாற்றிப் பயனில்லை. ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கி) மண்ணில் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் அதில் ஒரு டியூப் மாட்டி இன்ஜின் அறை வரை உயர்த்திவைத்திருக்கிறேன். இந்த வண்டிக்கு நான் செய்த மாற்றங்களில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. மீனவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் வண்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பட்டை புஷ்கள் ஊறி உப்பிப்போனதைப் பார்த்தேன். ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. அப்படிப்பட்ட தண்ணீர் பட்டால் சோப்புத் தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, டிரம்களைக் கழற்றி பிரேக் லைனிங்கைப் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மேம்பாலச் சரிவில் ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை

சிஜே வகைகளில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. வில்லிஸிலிருந்து வந்த ஏற்பாடு. அதனால் கேபிளை இறுக்கிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. அந்த டிரம்முக்குள் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின் ஆயில் சீல் போய்விட்டது, லைனிங் ஊறிவிட்டது. சீல், லைனிங் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சீல் மாற்றியும் ஒழுகினால் இன்னொரு காரணம் இருக்கிறது. கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டு இருப்பதால், நடுச் சீல் தேய்ந்ததும் கியர்பாக்ஸ் ஆயில் அடுத்த அறைக்குப் போய்விடும். இரண்டு லெவல் பிளக்கையும் திறந்து பாருங்கள்: ஒன்றில் குறைந்து, மற்றதில் பிளக்கைத் திறந்ததும் வழிந்தால் அதுதான். கியர்பாக்ஸ் வறண்டுபோய் ஓடுவதுதான் இதில் பயப்பட வேண்டியது, வெளியே ஒழுகுவது அல்ல.

தரைத் தகடு மெத்தென்று அமுங்குகிறது

ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். அடியில் ஈரம் இருந்தால் மேட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள், வெறும் தகட்டோடு ஓட்டுவது மேல். வில்லிஸ் பாடியின் தரைக்கு அடியில் தொப்பி வடிவத்தில் சட்டங்கள் உண்டு. அந்தக் காலத்தில் அவற்றுக்குள் மரக்கட்டை செருகியிருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சட்டம் உள்ளிருந்தே அழுகும். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் மரம் இல்லாவிட்டாலும் சேறு அந்த வேலையைச் செய்கிறது.

ஜீப் வாங்கப் போகிறவர் ஒரு சின்னச் சுத்தியலைக் கொண்டுபோங்கள். சேசிஸை நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ‘பொத்’ என்றால் உள்ளே அரித்திருக்கிறது, அல்லது மேலே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, துரு வெளியே தெரியும் வண்டியையே நான் நம்புவேன். சேசிஸில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவையுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் வேண்டாம், புஷ் எல்லாம் போய்விடும், தெருவும் பாழாகும். மெழுகு வகைத் துருத்தடுப்பைப் புரட்டாசிக்குள் அடித்துவிடுங்கள்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போன வண்டி திரும்பி வந்துவிட்டது

15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு, அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக், லைட், புகை எல்லாம் சரியாக இருந்தும் என் வண்டியை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். சேசிஸ் எண் துருவில் மறைந்து படிக்க முடியவில்லை. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பொறித்த எழுத்தே தேய்ந்துபோகும். துருநீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து ஒரு மணி நேரம் ஒட்டிவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். எண் தெரிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மேலே கிரீஸ் பூசி, கிழிந்த டியூப் துண்டு ஒன்றை அதன் மேல் கட்டிவிடுங்கள். என் வண்டியில் அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. வருடம் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து, புது கிரீஸ் வைத்துக் கட்டுகிறேன்.